சட்டத்துக்கு மட்டும் விலை

கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிற கடை ஒன்று உண்டு. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். சுவர் முழுவதும் பூஜைப் படங்கள். முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் மெக்காவின் காட்சியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஆனால் சச்சரவில்லாமல், தொங்குகின்றன. அவற்றுக்குக் கீழே சமீபத்தில் இறந்துபோனவர்களின் போட்டோக்கள், பெரிதாக்கப்பட்டு, மாலைக்குக் காத்திருக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்த பிறகு மூன்றாவது வகை ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆபீஸ் படங்கள். அருவி, சூரியோதயம், நம்மை நோக்கிப் பாய்ந்து வரும் ஏழு வெள்ளைக் குதிரைகள். இரும்பு உருக்குகிறவர்களுக்குக் குதிரை எதற்கு என்று கடைக்காரரைக் கேட்டேன். "அது ஓடுற மாதிரி பிஸினஸும் ஓடணும்னுதான் சார்" என்றார். கலைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள உறவைப் பற்றி நான் கேட்டிருக்கிற விளக்கங்களில் இதுதான் மோசமானது என்று சொல்ல மாட்டேன்.

அப்பாவின் போட்டோவுக்குக் கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். அவர் கண்ணாடியை வெட்டிக்கொண்டிருந்தபோது, மூலையில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்த ஒரு படம் கண்ணில் பட்டது. திருப்பிப் பார்த்தேன். ஒரு ஜோடிப் பழைய பூட்ஸ். வாய் பிளந்து, தோல் மடிந்து, நாடா அவிழ்ந்து கிடக்கிறது. வேறொன்றும் இல்லை. மேஜை இல்லை, ஜன்னல் இல்லை, ஆள் இல்லை. வின்சென்ட் வான் கோ 1886இல் பாரிஸில் எழுதிய ஓவியம். அதை இங்கே நான் எதிர்பார்க்கவில்லை.

"அது ஒரு கம்பெனிக்குப் போன படம் சார். புது ஆபீஸுக்குப் பத்துப் படம் வேணும்னாங்க. கேட்லாக் பார்த்து வரவழைச்சுச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். முதலாளி வந்து பார்த்துட்டு, 'எவன்யா செருப்பை மாட்டினது'ன்னு சத்தம் போட்டாராம். ஒன்பது அங்கே இருக்கு, இது மட்டும் திரும்பி வந்துடுச்சு."

என்ன விலை என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"படத்துக்கு ஒண்ணும் வேணாம் சார். சட்டத்துக்கு மட்டும் குடுங்க."

அப்படித்தான் அதை வாங்கினேன்.

இதை ஒரு வேடிக்கையாக எழுதி முடித்துவிடலாம். ஆனால் எனக்கு ஒரு பழைய பொறுப்பு இருக்கிறது. நவீன ஓவியத்தின் அச்சுப் பிரதியைச் சட்டம் போட்டு மாட்டுவதைவிடச் சுவரை வெறுமையாக விடுவது மேல் என்று பல வருஷங்களுக்கு முன் நான் எழுதியிருக்கிறேன். பிரதியை வாங்குகிறவன் ஓவியத்தை வாங்கவில்லை, ஓவியம் தெரிந்தவன் என்ற பெயரை வாங்குகிறான் என்பது அப்போது என் வாதம். ஒரு நல்ல வாதம் கிடைத்துவிட்டால் அதைச் சோதித்துப் பார்க்க எழுத்தாளனுக்கு மனம் வருவதில்லை. இப்போது பிரதி ஒன்று என் வீட்டுக்கே வந்துவிட்டது. சோதித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் என் கட்சிக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அச்சில் எத்தனை நஷ்டம் என்று கணக்குப் பார்த்தேன். மூல ஓவியம் ஆம்ஸ்டர்டாமில், வான் கோவின் பெயரில் உள்ள மியூசியத்தில் இருக்கிறது. அதன் அகலம் சுமார் 45 சென்டிமீட்டர், உயரம் 38. அதாவது ஒன்றரை அடி அகலம்கூட இல்லை. என் படம் இரண்டரை அடி. அடக்கமாகச் சொன்ன ஒரு விஷயத்தை ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது நிறம். என்னிடம் உள்ள ஒரு ஓவியப் புத்தகத்தில் இதே படம் இருக்கிறது. அதில் பூட்ஸ் சாணி உருண்டையின் பழுப்பு. என் சுவர்ப் படத்தில் அது காப்பிப் பொடியின் பழுப்பு. மூன்றாவதாகத் தொலைபேசித் திரையில் பார்த்தால் கிட்டத்தட்டப் பச்சை. மூன்றில் எது வான் கோவினுடையது? ஆம்ஸ்டர்டாமுக்குப் போகாதவன் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பழுப்பே இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகளின் புள்ளிகள்தான் இருந்தன. வான் கோ வண்ணத்தைக் குழைத்து அப்பியவர். தூரிகை போன வழி மேடும் பள்ளமுமாக நிற்கும், அதன் மேல் வெளிச்சம் தங்கும். அச்சில் அது வழவழவென்று இருக்கிறது, உழுத நிலத்தை ஆகாயத்திலிருந்து போட்டோ எடுத்தமாதிரி.

கடைசி நஷ்டம்தான் எனக்கு மிகவும் உறுத்தியது. புத்தகத்தோடு ஒப்பிட்டபோது, நான்கு பக்கமும் ஒரு விரற்கடை அளவுக்குப் படம் குறைந்திருந்தது தெரிந்தது. கைவசம் இருந்த சட்டத்துக்கு ஏற்றபடி ஓரங்களை வெட்டியிருக்கிறார்கள். வலது பூட்ஸிலிருந்து ஒரு நாடா வளைந்து தரையில் கிடக்கிறது. மூலத்தில் அது கிடப்பதற்கு இடம் இருக்கிறது. அந்த இடம்தான் படத்தின் ஓய்வு. என் படத்தில் நாடா சட்டத்தில் போய் முட்டப் பார்க்கிறது. கதையின் கடைசிப் பாராவை விளம்பரத்துக்கு இடம் போதவில்லை என்று எடுத்துவிட்ட ஒரு பத்திரிகையை எனக்குத் தெரியும். ஆகவே இந்த வருத்தம் எனக்குப் புதிதல்ல.

இவ்வளவும் உண்மை. ஆனால் இதிலிருந்து சுவரை வெறுமையாக விட வேண்டும் என்ற முடிவு தானாக வருமா?

நம்முடைய சுவர்கள் எப்போது வெறுமையாக இருந்தன என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். அச்சுப் படம் நமக்கு அந்நியமான சரக்கு அல்ல. கும்பகோணத்தில் பிறந்து மூன்று சமஸ்தானங்களில் திவானாக இருந்த மாதவராவ்தான் 1884இல் ரவி வர்மாவுக்கு ஒரு யோசனை சொன்னார். உங்கள் படத்தைக் கேட்கிறவர்கள் அநேகம், உங்களுக்கு இருப்பதோ இரண்டு கைகள், சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சுப் போட்டுவிடுங்கள் என்ற அர்த்தத்தில் கடிதம் எழுதினார். பத்து வருஷம் கழித்து, 1894இல், ரவி வர்மா பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் வைத்தார். நிறத்துக்கு ஒரு கல்லாக வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம்போல மினுங்க வைத்தார்கள். அந்த லட்சுமியும் சரஸ்வதியும் ராஜாவின் மாளிகையிலிருந்து இறங்கி மளிகைக் கடைக்கு வந்தார்கள். எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்று சட்டம் வருவதற்கு முன்பே, சில அணாவுக்குத் தெய்வம் எல்லாச் சாதியார் வீட்டுக்குள்ளும் போய்விட்டது. பிறகு கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் எழுத, சிவகாசி அச்சிட, தெய்வம் காலண்டரோடு இலவசமாகவே வந்தது. கலை விமர்சகர்கள் ரவி வர்மாவின் அச்சுப் படங்களை மட்டமாகப் பேசியிருக்கிறார்கள், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் இந்த நாட்டில் அதிகம் பேர் நின்று பார்த்த படங்கள் அவைதான்.

நின்று பார்த்தார்கள் என்பதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நகல் என்பதால் சாமி படத்துக்கு எந்தக் குறையும் வருவதில்லை. மை மங்கினாலும், மூக்கு ஒரு பக்கம் போனாலும், கும்பிடுகிறவன் கும்பிடுவது மையை அல்ல. அவனுக்கு மூலம் படத்துக்கு அப்பால் எங்கோ இருக்கிறது. அந்த மூலத்துக்கு ரவி வர்மா எழுதிய துணிப்படமே ஒரு நகல்தான். நவீன ஓவியத்துக்கு இந்த வசதி கிடையாது. பூட்ஸுக்குப் பின்னால் பூட்ஸின் அதிதேவதை யாரும் இல்லை. அந்தத் துணியில் அந்த வண்ணம் அப்படி அப்பப்பட்டிருக்கிறது என்பதே அதன் சகல சொத்தும். ஆகவேதான் நகலில் அது ஏழையாகிறது. சாமி படத்தை நகலெடுப்பவனுக்கு இல்லாத பொறுப்பு நவீன ஓவியத்தை நகலெடுப்பவனுக்கு இருக்கிறது. நம் கடைகளில் இரண்டையும் ஒரே கத்தியால் வெட்டுகிறார்கள் என்பதுதான் என் புகார்.

ஆனாலும் என் பழைய தீர்ப்பை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதைக் கெடுத்தது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ள ஒரு ஊர், திருவாலங்காடு.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற ரயில் பாதையில், திருவள்ளூரைத் தாண்டி வரும் ஊர் அது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த ஊர் என்று அதை நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆடுகின்றவன் அடியின்கீழ் இருக்க அம்மையார் இடம் கேட்டுப் பெற்ற தலம். அங்கிருந்து கிடைத்த சோழர் காலத்து நடராஜர் செப்புத் திருமேனி இப்போது சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. திருவாசி இல்லை. பட்டு இல்லை, மாலை இல்லை. ஆடுகிற உடம்பு மட்டும் இருக்கிறது.

பிரான்ஸ் தேசத்துச் சிற்பி ரோடின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ரஷ்யரான விக்டர் கோலுபெவ் என்ற ஆராய்ச்சியாளர் சென்னை மியூசியத்து நடராஜரின் போட்டோக்களை அவருக்குக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள். 1913ஆம் வருஷ வாக்கில் ரோடின் அவற்றை எதிரே வைத்துக்கொண்டு சிவ நடனத்தைப் பற்றி எழுதினார். 1917இல் அவர் இறந்தார், எழுதியது 1921இல்தான் புத்தகத்தில் வெளிவந்தது. முன்னிருந்து பார்த்து எழுதுகிறார், பக்கவாட்டில் பார்த்து எழுதுகிறார், வெளிச்சம் உடம்பில் எங்கே தங்குகிறது, எங்கே வழிகிறது என்று பின்தொடர்கிறார். சைவ சித்தாந்தம் அவருக்குத் தெரியாது. ஐந்தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், உலோகத்தில் உயிர் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லிவிட்டார்.

நான் அந்தத் திருமேனியை எழும்பூரில் பல தடவை பார்த்திருக்கிறேன். நேரில், அசலை, சில அடி தூரத்தில். ரோடின் பார்த்ததை நான் பார்த்தேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் பார்த்தது நகல். நான் பார்த்தது அசல். ஆனால் பார்த்தவர் அவர்தான். இன்னும் ஒன்று: கோயிலில் அலங்காரத்தோடு எழுந்தருளியிருந்த காலத்தில் பக்தன் பார்த்திருக்கக்கூடியது முகமும் தூக்கிய திருவடியும்தான். முதுகின் வளைவைப் பூஜை செய்த குருக்கள் தவிர யார் கண்டிருப்பார்கள்? ஆக, அசல் மறைத்து வைத்திருந்ததைப் போட்டோ சில சமயம் திறந்தும் காட்டுகிறது.

இதற்கு நேர் எதிர் உதாரணத்தை என் பூட்ஸே தருகிறது.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று ஆணி தேடினேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"செருப்பை வாசல்ல விட்டுட்டு உள்ளே வர்றதுதான் நம்ம வழக்கம். நீங்க காசு குடுத்து வாங்கி, சுவத்துல ஏத்தப் போறீங்களா? அதுவும் மாமா பக்கத்துல?"

"பரதன் பாதுகையைச் சிங்காசனத்திலேயே வைக்கவில்லையா?" என்றேன்.

"அது ராமரோடது. இது யாரோடது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்குத் தெரியாத விஷயம், இதே கேள்வியில்தான் இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் பெரிய பெரிய தலைகள் மோதிக்கொண்டிருக்கின்றன. ஜெர்மன் தத்துவ ஆசிரியர் ஹைடெக்கர் கலைப் படைப்பின் தோற்றுவாயைப் பற்றி 1935, 36இல் பேசியபோது இந்தப் பூட்ஸை உதாரணம் எடுத்தார். இது ஒரு குடியானவப் பெண்ணுடையது, வயலின் ஈரமும் அவள் உழைப்பும் கவலையும் இதன் இருண்ட வாயிலிருந்து எட்டிப் பார்க்கின்றன என்று வர்ணித்தார். அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாபிரோ எந்தப் படத்தைப் பார்த்து எழுதினீர்கள் என்று அவருக்கே கடிதம் போட்டுக் கேட்டார். 1930இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் பார்த்தது என்று பதில் வந்தது. ஷாபிரோ 1968இல் எழுதினார்: இது எந்தக் குடியானவப் பெண்ணுடையதும் அல்ல, அப்போது பட்டணவாசியாக இருந்த வான் கோவின் சொந்தப் பூட்ஸ். பத்து வருஷம் கழித்து, 1978இல், பிரெஞ்சுக்காரர் தெரிதா இருவரையும் மடக்கினார். இது ஒரு ஜோடிதான் என்று உங்களுக்கு யார் சொன்னது என்பது அவர் சந்தேகம்.

ஷாபிரோ சொன்னதே சரி என்றால், ஹைடெக்கர் ஆம்ஸ்டர்டாமில் அசலின் எதிரே நின்றும் தம் மனத்தில் இருந்த வயலைத்தான் பார்த்தார் என்று ஆகிறது. ரோடினோ போட்டோவின் எதிரே உட்கார்ந்து எழும்பூரைப் பார்த்தார். இதனால் நகல் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அசலைப் பார்ப்பதே பார்ப்பதாகிவிடாது என்று மட்டும் சொல்கிறேன். இந்தச் சிறிய வித்தியாசத்தை அன்று என் கட்டுரையில் நான் விட்டுவிட்டேன்.

வீட்டுச் சண்டை சமரசத்தில் முடிந்தது. படம் கூடத்தில் இல்லை. வாசல் நடையில், செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே மாட்டினோம். மனைவியைப் பொறுத்தவரை அதுவே அதற்குரிய இடம். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று, காரணம் வேறு.

எங்கள் பின்கட்டில் ஒரு இளைஞர் குடியிருக்கிறார். சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. காய்ச்சிய இரும்பைக் கம்பியாக இழுக்கிற இடம். இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்தவர் நடையில் நின்று, தம்முடைய கனத்த பாதுகாப்புப் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். படத்தைப் பற்றி ஏதாவது கேட்பார், வான் கோவைப் பற்றிச் சொல்லலாம் என்று நானும் தயாராக நின்றேன். அவர் கேட்கவில்லை.

"கால் வீங்கியிருக்கும் சார்" என்றார்.

"யாருக்கு?"

"இந்த ஆளுக்குத்தான். நாடாவை அடி வரைக்கும் தளர்த்தியிருக்கான் பாருங்க. சும்மா கழட்டுறவன் மேல் முடிச்சை மட்டும் அவுப்பான். நின்னே வேலை செஞ்சவன்தான் இப்படி முழுசா அவுப்பான்."

பிறகு தம் பூட்ஸைப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியாது. வான் கோ இந்தப் பூட்ஸைப் பழைய சாமான் சந்தையில் வாங்கியதாக அவரோடு படித்த ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அது உண்மையானால் நின்று உழைத்தவன் யார் என்பது இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த இளைஞர் நாடாவைப் பார்த்தார். சட்டத்துக்காக வெட்டப்பட்டு, காப்பிப் பொடி நிறமாகிப்போன, இரண்டரை அடி அச்சுப் பிரதியில், இன்னும் வெட்டுப்படாமல் மிஞ்சியிருந்த நாடாவைப் பார்த்தார். ஓவியனின் கண் எங்கே போயிற்றோ அங்கே அவர் கண்ணும் போயிற்று. ஆம்ஸ்டர்டாமுக்கு அவர் போகப்போவதில்லை. சென்ட்ரலுக்கு மின்சார ரயில் போகிறது, எழும்பூர் மியூசியம் அங்கிருந்து பக்கம்தான். ஆனால் ஷிஃப்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே அதற்குக்கூட அவருக்குப் பொழுது வாய்க்குமா என்பது சந்தேகம். சுவரை நான் வெறுமையாக விட்டிருந்தால் யாருடைய ரசனையைக் காப்பாற்றியிருப்பேன்? என்னுடையதை மட்டும்.

வான் கோவே இந்த விஷயத்தில் என்னைப்போல் கர்வம் பிடித்தவரல்ல. ஜப்பானிய அச்சுப் படங்களை நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்தவர். 1889இன் இறுதியிலும் 1890இன் தொடக்கத்திலும் சேன் ரெமி மனநோய் விடுதியில் இருந்தபோது, மில்லேயின் ஓவியங்களின் கறுப்பு வெள்ளைப் பிரதிகளை எதிரே வைத்துக்கொண்டு, இருபது படங்கள் வரையில் வண்ணத்தில் எழுதினார். ஒருவர் இயற்றிய சங்கீதத்தை இன்னொருவர் வாசிப்பதுபோல என்று தம்பிக்குக் கடிதம் எழுதினார். தியாகராஜ சுவாமிகளின் குரலைக் கேட்டவர்கள் யாரும் இன்று உயிரோடில்லை. பாட்டு உயிரோடிருக்கிறது.

என் பழைய கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், முழுவதும் அல்ல, முக்கால் பங்கு. மீதிக் கால் பங்கு இதுதான்: அச்சுப் பிரதியை வாங்குங்கள், ஆனால் அது பிரதி என்பதை மறைக்காதீர்கள். மூலத்தைவிடப் பெரிதாக வாங்காதீர்கள். மூலம் எங்கே இருக்கிறது, அதன் அளவு என்ன என்பதைப் பின்பக்கத்து அட்டையில் எழுதிவையுங்கள். சோபாவின் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக்காரர் ஓரத்தை வெட்டக் கத்தியை எடுக்கும்போது பக்கத்தில் நின்று கையைப் பிடியுங்கள். சட்டம் படத்துக்காகத்தான். நாங்கள் சட்டத்துக்கு மட்டும் விலை கொடுத்துப் பழகியவர்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த முதலாளியைப் பற்றி எனக்கு இப்போது கோபமில்லை. பத்துப் படங்களில் அவர் உண்மையில் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். மற்ற ஒன்பதும் அவர் கண்ணிலேயே படவில்லை, அதனால்தான் இன்னும் அங்கே தொங்குகின்றன.

மனைவி அந்தப் படத்தை ஏற்றுக்கொண்டாளா என்று கேட்பீர்கள். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால், "செருப்பை அந்தப் படத்துக்குக் கீழே விடுங்க" என்று அவள் சொல்வது உள்ளே என் மேஜை வரையில் கேட்கிறது.